கண் திறக்கிற ஸ்டுடியோ

திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் இக்னேஷியஸின் ஸ்டுடியோ வாசலில் பகலவன் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சாலைக்கு ஒரு பக்கம் மீனவர் குப்பம், அதன் பின்னால் கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள். மறுபக்கம் துறைமுகத்துக்குள் போக முறை வராத கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு உறுமியபடி நின்றன. டீசல் புகையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. மொபெட்டை நிழலில் போட்டுவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

பகலவன் வியாசர்பாடிக்காரன். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பிரவுசிங் சென்டர், டி.டி.பி. கடை, லாரி ஆபீஸ் என்று எங்கே மெஷின் படுத்தாலும் அவனுக்குத்தான் போன் வரும். கெட்டிக்காரன், கெட்டிக்காரத்தனத்துக்குத் தக்க திமிரும் உண்டு. கையில் எடுத்த மெஷினை ஓட வைக்காமல் விட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பான். பேய் பிசாசு என்று அவனிடம் யாரும் பேச்செடுக்க முடியாது. அவன் அப்பா ரயில்வே யார்டில் சங்கத்து ஆள், வீட்டுச் சுவரில் புத்தரைத் தவிர யாரையும் ஏற்றாதவர். இருட்டுக்குப் பயந்த பிள்ளையை அந்த வீட்டில் கிண்டல் பண்ணியே வளர்த்திருந்தார்கள்.

ஸ்டுடியோவின் சுவரெல்லாம் செத்தவர்கள். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் இக்னேஷியஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாவுப் படம்தான். சுற்றுவட்டாரக் குப்பங்களில் ஒரு சாவு விழுந்தால் முதலில் சங்கு ஊதுகிறவருக்கு ஆள் போகும், அடுத்து இவருக்கு.

"வாப்பா பகலு" என்று கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார் இக்னேஷியஸ். கனத்த உடம்பு, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உன்னத்தான் சாமியா நெனச்சிக்கினு குந்தினுகீறேன். மெஷினு காலை வாரிடுச்சி."

"இன்னாண்ணே பண்ணுது?"

"போட்டோ சாஃப்ட்வேரு தொறக்க மாட்டேங்குது. கிளிக் பண்ணா முகப்பு வருது, கீய எயுத்து ஓடுது, அப்டியே நின்னுடுது. அப்பால நீலக் கலர்ல இங்கிலீஷ்ல திட்டுது. நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து இதே பேஜாரு."

"வேற எல்லாம் வேல செய்யுதா?"

"எல்லாம் செய்யுது. இது ஒண்ணுதான். நாளைக்கி கருமாதிப்பா. அந்தம்மா காலைலேர்ந்து ஒக்காந்துகினு கீது."

கறுப்புத் துணி மறைத்த உள்ளறையில், படம் எடுக்க உட்கார வைக்கும் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிழிந்த வலை. மூங்கில் ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டிருந்தாள். நைலான் நூல் அந்த மங்கல் வெளிச்சத்தில் பகலவனுக்குத் தெரியக்கூட இல்லை, அவள் கைக்கு எப்படித் தெரிந்ததோ. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள், அழுது அழுது சிவந்து, ஆனாலும் எதையும் தப்ப விடாத கண்கள்.

அவள் பேர் கெங்கம்மா. எதிரில் இருக்கும் குப்பத்துக்காரி. ஒரே பிள்ளை கருணாகரன், எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். அன்றைக்கே கரை ஒதுங்கினான், முகம் கெடவில்லை. ஆனால் அவனுக்கு வேறு படமே கிடையாது. போன கோடையில் குப்பத்தில் பிடித்த தீயில் துணிமணி, சர்ட்டிபிகேட்டு, படம், எல்லாம் வெந்து போயின. பாடையில் ஏற்றுமுன் இக்னேஷியஸ் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்தது ஒன்றுதான் மிச்சம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, வழக்கம்போல் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டார். ஆக, கருணாகரனின் முகம் இந்த உலகத்தில் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. பெட்டி திறந்தால் அம்மாவுக்கு மகன் முகம் உண்டு, திறக்காவிட்டால் இல்லை. நாளைக்குப் படையல் வைக்க வெறும் செங்கல்தான்.

"ஹார்ட் டிஸ்க்கக் கயட்டி வேற கடைக்கு இஸ்துகினு போலாம்" என்றான் பகலவன்.

"அய்யய்ய. நூறு குடும்பத்துப் படம் கீது அதுல. கடை வாசலத் தாண்டி அனுப்ப மாட்டேன்" என்றார் இக்னேஷியஸ்.

பகலவனும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இன்னொரு கடையின் மெஷினில் திறந்தால் அது அவன் சரிபண்ணினதாகாதே.

மெஷினைப் போட்டான். இக்னேஷியஸ் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. முகப்புப் படம், ஓடும் எழுத்து, உறைந்த திரை, பிறகு நீலம். நீலத்தில் இருந்த பேரைப் படித்ததும் அவனுக்குப் பாதி கவலை தீர்ந்தது.

"டிரைவர் பிரச்சனைண்ணே."

"டிரைவரா?" என்றாள் கெங்கம்மா. "பொட்டிக்குள்ள இன்னாத்துக்குப்பா டிரைவரு?"

பகலவனுக்குச் சிரிப்பு வந்தது. "படம் காட்றதுக்குன்னு உள்ள ஒரு கார்டு கீதும்மா. சாஃப்ட்வேர் பேசறது அதுக்குப் புரியாது. நடுவுல நின்னு எடுத்துச் சொல்றவருதான் டிரைவரு. அவரு ஒளறினாருன்னா கார்டு மக்கர் பண்ணும், சாஃப்ட்வேர் தொறக்காது."

"செரி பண்ணிடுவியா நைனா?"

"இதுகூடப் பண்ணலன்னா நான் இன்னாத்துக்கும்மா கீறேன்."

முதலில் மெஷினைப் பத்திய முறையில் எழுப்பினான். சேஃப் மோட் என்பார்கள். வேண்டாததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வெறும் உயிரோடு மட்டும் எழுந்திருக்கும்; கார்டின் டிரைவரும் ஓடாது. எழுத்தெல்லாம் தடித்து, நிறமெல்லாம் திட்டுத் திட்டாக வந்தது. சாஃப்ட்வேர் மறுபேச்சில்லாமல் திறந்தது. அவன் சந்தேகப்பட்டது சரிதான், குற்றவாளி டிரைவர்தான். கருணாகரன் படத்தையும் திறந்து பார்த்தான். இருபது இருபத்திரண்டு வயது முகம், தாடையில் துணிக்கட்டு, மூடிய கண்கள்.

இக்னேஷியஸ் முன்னால் குனிந்தார்.

"நான் நேத்தே கண்ணத் தொறந்துட்டேனே."

அதுதான் அவர் தொழில் ரகசியம். சாவுப் படம் எடுத்தால் கண் மூடியிருக்கும். மூடிய கண்ணோடு படம் மாட்டினால் வீட்டில் நாளும் சாவு விழுந்த மாதிரியே இருக்கும் என்று ஜனங்கள் விரும்புவதில்லை. அதனால் வேறு படத்திலிருந்து கண்ணை வெட்டியெடுத்து, மூடிய இமை மேல் பொருத்தி, ஓரத்தைக் குழைத்து, ஆள் நேராகப் பார்க்கிற மாதிரி செய்துவிடுவார். சுவரில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவர் கண் திறந்துவிட்டவர்கள்.

"சேவ் பண்ணிருக்க மாட்டண்ணே."

"பண்ணேம்பா. தாடையில கட்டப் பாரு. அத்தக் கூட அயிச்சேன். அதுவும் திரும்ப வந்துகீது."

"மறந்துபூட்டு பேசற. இருக்கட்டும், கண்ண எங்க வெச்சிகீற? அது கீதா?"

கண் தனிக் கோப்பாக இருந்தது. இமை, விழி, விழியின் ஓரத்தில் ஈரம். பகலவன் அதை உற்றுப் பார்க்கவில்லை. சேஃப் மோடில் பிரிண்டர் வேலை செய்யாது, நிறமும் சரியாக வராது. டிரைவரைச் சரிசெய்தே ஆக வேண்டும். பழைய டிரைவரைத் துடைத்தெறிந்துவிட்டு, இக்னேஷியஸின் மேஜை டிராயரில் கிடந்த சி.டி.யிலிருந்து புதிதாக ஏற்றினான். மெஷின் அணைந்து எழுந்தது. முழு நிறம். சாஃப்ட்வேரைக் கிளிக் பண்ணினான்.

முகப்பு வந்தது. கீழே எழுத்து ஓடத் தொடங்கியது.

"கரண்ட்டு பூட்ச்சா?" என்றாள் கெங்கம்மா.

பகலவன் திரும்பிப் பார்த்தான். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லியேம்மா."

"இருட்டா கீதே."

திரை உறைந்தது. மறுகணம் படம் நாடா நாடாவாகக் கிழிந்து, கோணல்மாணலாக அடுக்கி நின்றது.

"ஆங், வந்துட்ச்சி" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வலையில் ஊசியை விட்டாள்.

"ரெண்டு நாளா பட்டினி. வெயில் வேற. ஒரு சோடா வாங்கியாரட்டுமாம்மா?" என்று கேட்டார் இக்னேஷியஸ். வேண்டாம் என்று கையசைத்தாள்.

பகலவன் திரையைப் பார்த்தான். அந்த நாடாக்களில் கருணாகரனின் முகம் தெரிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கார்டுக்கென்று ஒரு நினைவு உண்டு, கடைசியாகக் காட்டிய படம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், மெஷின் தடுமாறினால் அதைக் கொட்டும். எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறான். ஒன்றுதான் உறுத்தியது. படத்தில் நேராக இருந்த முகம் இங்கே இடது பக்கம் திரும்பியிருந்தது. கிழிசலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டியைத் திறந்தான். கடலோரக் கடைகளில் கம்ப்யூட்டருக்கு வருகிற வியாதி உப்புக்காற்று. கார்டைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் தங்கப் பல்வரிசையில் பச்சைப் பாசி ஏறியிருந்தது. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஊதிவிட்டுத் திரும்பச் சொருகினான். இந்தத் தடவை ஓடும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மெஷின் எழுந்தது. கிளிக்.

எழுத்து முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓடியது.

உள்ளறையில் ஒரு வாடை எழுந்தது. கடல் வாடை இல்லை. முகத்துவாரத்துச் சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடை.

"நைனா, என் ஊசி எங்க வுயுந்துச்சி பாரேன்."

திரும்பினான். மூங்கில் ஊசி அவள் மடியிலேயே கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி அவள் விரல்கள் துழாவிக்கொண்டிருந்தன.

திரை உறைந்தது.

"தோ, மடிலயே கீதே" என்று அவளே எடுத்துக்கொண்டாள். "வயசாவுது எனக்கு."

இக்னேஷியஸின் விரலில் ஜெபமாலை நகர்ந்தது.

பகலவன் திரையைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் அவன் தொழிலே திரையைப் பார்ப்பதுதான். நாடாக்கள் இந்தத் தடவை குறைவு. முகம் வலது பக்கம் திரும்பியிருந்தது.

"கார்டே பழசுண்ணே" என்றான், கேட்காத கேள்விக்கு. "என்னாண்ட ஒண்ணு கீது. அத்தப் போட்டுப் பாக்கறேன்."

அவன் பையில் ஒரு கார்டு உறை பிரிக்காமல் இருந்தது. வேறு கம்பெனி, வேறு டிரைவர். அவனே உறையைக் கிழித்தான், அவனே சொருகினான், டிரைவரை அவனே ஏற்றினான். கைகள் பழக்கத்தில் வேலை பார்த்தன, மனசு மட்டும் இது ஓடித் தொலையட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. வெளியே லாரிகள் உறுமுகிற சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்டது.

கிளிக்.

முகப்பு வந்தது. எழுத்து ஓடவில்லை.

திரை முழுக்க ஒரே முகம்.

நாடா இல்லை, கிழிசல் இல்லை. கன்னத்து மயிர் எண்ணிவிடுகிற மாதிரி தெளிவு. முகம் மறுபடி இடது பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் மூடியிருக்கவில்லை, இறுக்கி மூடியிருந்தன. மருந்து வேண்டாம் என்று குழந்தை வாயை இறுக்குமே, அந்த மாதிரி.

இந்தக் கார்டு அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

உறையைப் பிரித்தது அவன். இதன் நினைவில் எதுவும் இருக்க வழியில்லை.

இடது. வலது. இடது.

ஒவ்வொரு தடவையும் உறைந்த படத்தைப் பகலவன் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சேர்த்துப் பார்த்தால்,

தலையாட்டுகிறான்.

வேண்டாம் என்கிறான்.

மெஷினை அணைத்துவிட்டு, இக்னேஷியஸின் கையைப் பிடித்துக் கறுப்புத் துணிக்கு வெளியே இழுத்து வந்தான்.

"அந்தக் கண்ணு யாரோடதுண்ணே?"

இக்னேஷியஸ் சுவரைப் பார்த்தார். அங்கிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"சொல்லுண்ணே."

"அந்தம்மாவோடது" என்று கிசுகிசுத்தார். "எப்பவும் அந்த ஆளோட பழைய படத்துலேர்ந்துதான் எடுப்பேன். இல்லாங்காட்டி ஏற்கெனவே செத்துப்போன சொந்தக்காரங்க படத்துலேர்ந்து. உசுரோட கீறவங்க கண்ண எடுக்கவே கூடாது. எங்க தொழில்ல எவனும் செய்ய மாட்டான். இவனுக்கு அப்பனும் இல்ல, கூடப்பொறந்தவன் இல்ல, ஒரு படம் இல்ல. அந்தம்மா கால்ல வுயுந்துச்சிப்பா. ஸ்டூல்ல குந்த வெச்சி எடுத்துட்டேன்."

"ஏன் எடுக்கக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல. நானும் கேக்கல."

பகலவனுக்கு ஆத்திரமாக வந்தது. இதையெல்லாம் நம்புகிற ஆளா அவன்? பட்டினி கிடந்த உடம்புக்குக் கண் இருட்டும். உப்புக்காற்றில் மதர்போர்டே கெட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களை வரிசையாக அடுக்கி முடித்த பிறகும் கால் உள்ளே போக மறுத்தது. பயந்திருக்கிறான் என்பது அவனுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"வேணாண்ணே. மெஷினு செரியா வரலன்னு சொல்லிடலாம்."

"உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றாள் கெங்கம்மா.

அவள் குரலில் கோபம் இல்லை. அவர்கள் உள்ளே வந்ததும் வலையைச் சுருட்டித் தரையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? நீ அத்த ஓட்டறப்போ எனக்கு இருட்டுது. அது படுத்துக்கினா வெளிச்சம் வருது. யாரு படுக்க வெக்கறாங்கன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

மூங்கில் ஊசியை எடுத்து வலைச் சுருட்டில் செருகினாள்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். மீனு ஒரு துண்டு கீதுன்னா எனக்குத் தள்ளிவுட்டுட்டு, பசிக்கலன்னு மூஞ்சத் திருப்பிப்பான். நான் வாயில திணிப்பேன். அப்பால துண்ணுவான்." அவள் கண் நிறைந்தது, துடைக்கவில்லை. "கண்ண மூடிக்கினு எப்டிப்பா வூட்டுக்கு வருவான்? நாளைக்கிக் கூப்புடறேன், வழி தெரியாம எங்கனா நிப்பான். தண்ணில நின்ன மாரியே நிப்பான். அவனுக்கு நான் கொள்ளியும் வெக்கல, ஒண்ணும் வெக்கல. இத்தக் குடுத்துட்டுப் போறேன். நீ செய்யி நைனா."

"என் கண்ண எடுத்துக்கட்டும்மா" என்று பகலவன் சொல்லிவிட்டான். சொல்லுவான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவள் சிரித்தாள். "உனுக்கு இந்தக் கண்ணுதான பொயப்பு. போப்பா."

அவள் அப்படிச் சொன்னதும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவன் பிறகு ரொம்ப நாள் தன்னைத் திட்டிக்கொண்டான்.

"நீ செய்யலன்னா நான் வேற ஆளு கூட்டியாருவேன்" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு வழி இருந்தது, முதலிலிருந்தே அவனுக்குத் தெரிந்த வழி. டிஸ்பிளே அமைப்புக்குள் உள்ளே உள்ளே போனால் ஒரு சின்னக் கோடும் அதன் மேல் நகர்த்துகிற ஒரு முள்ளும் இருக்கும். கார்டு எவ்வளவு தூரம் சுயமாக வேலை செய்யலாம் என்பதற்கான அளவு அது. முள்ளைக் கடைசி வரை இடப்பக்கம் இழுத்துவிட்டால் கார்டு தன் சாமர்த்தியம் எதையும் காட்டாது, சொன்னதை மட்டும் செய்யும். டிரைவர் எவ்வளவு உளறினாலும் சாஃப்ட்வேர் திறந்துவிடும். அந்தக் கார்டுக்குள்ளிருந்து யாராவது மறுத்துக்கொண்டிருந்தால், அவன் கையைக் கட்டிப்போடுகிற வேலையும் அதுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், சர்க்கரையாக இருக்கும், என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையைச் சொல்வதென்றால், அந்த சாஃப்ட்வேர் திறப்பதைப் பார்க்க அவனுக்கு இன்னமும் ஆசையாகத்தான் இருந்தது.

முள்ளை இழுத்தான். கிளிக்.

எழுத்து ஓடியது.

ஓடியது.

ஓடி முடிந்தது.

சாஃப்ட்வேர் திறந்தது. சேற்று வாடை பட்டென்று நின்றுபோனது. இக்னேஷியஸ் மவுஸை வாங்கி, கண்ணைக் கொண்டுவந்து பொருத்தினார். ஓரத்தைக் குழைத்தார். தாடைக் கட்டை அழித்தார். யாரும் தடுக்கவில்லை. கருணாகரன் உயிரோடு இருக்கிற பையனைப் போல ஆனான். நேராக எடுத்த கண்தான், ஆனால் அவன் பார்வை நேராக இல்லை. ஸ்டூல் இருந்த பக்கமே பார்த்தது.

பிரிண்டர் இழுத்து இழுத்து அச்சடித்தது. நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண் வருகிற இடத்தில் பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டூல் பக்கமிருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

இக்னேஷியஸ் படத்தைச் சட்டத்தில் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.

அவள் கண்ணாடி மேல் விரலை ஓட்டினாள். சட்டத்தின் நாலு ஓரத்தையும் தடவினாள். அப்புறம் தலையைச் சாய்த்து மெல்லக் கேட்டாள்.

"தலை எந்தப் பக்கம்பா?"

பகலவன் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். பெட்டி செத்தது, திரை செத்தது. ஒவ்வொரு தடவையும் அது படுத்தபோது வெளிச்சம் வந்ததே. அவள் முகத்தையே பார்த்தான். அவன் கத்தியேவிட்டான்.

"இப்போ? இப்போ வருதாம்மா?"

"இல்ல நைனா."

படம் இப்போது பெட்டிக்குள் இல்லை. காகிதத்தில் இருந்தது.

இக்னேஷியஸ் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "கியிச்சிப் போட்டுடலாம்மா. குடும்மா அத்த." அவள் சட்டத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"கண்ணு தொறந்துகீதா?" என்று பகலவனைக் கேட்டாள்.

"தொறந்துகீதும்மா."

"எப்டி கீறான்?"

விம்மலை விழுங்கிவிட்டுச் சொன்னான். "உங்கள மாரியே கீறாம்மா."

"அப்ப செரி."

எழுந்தாள். கூட வருகிறேன் என்று சொன்ன இருவரையும் தடுத்துவிட்டாள். கறுப்புத் துணியை விலக்கத் தடுமாறினாள், வாசற்படியில் கால் இடறியது. பகலவன் பின்னாலேயே ஓடினான். இந்தச் சாலையை எப்படிக் கடப்பாள், லாரியில் அடிபட்டால் அந்தப் பழியும் தன் தலையில்தான் என்று பயந்தான்.

வாசலில் நின்று அவள் சட்டத்தைத் திருப்பினாள். படம் சாலையைப் பார்க்கும்படி மார்புக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம் நின்றாள்.

பிறகு நடந்தாள்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே ஆள் நுழைகிற இடைவெளி எதுவோ அதில் சரியாக நுழைந்தாள். அந்தப்பக்கம் வேகமாக வந்த ஆட்டோவுக்கு நின்றாள், அது போனதும் கடந்தாள். குப்பத்துச் சந்தில் அடிபம்பு முன்னால் வரிசையாக வைத்திருந்த குடங்களில் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடிக்குத் தலையைக் குனிந்தாள். தடவவில்லை, தயங்கவில்லை.

"ம்மா!" என்று பகலவன் கூப்பிட்டான். நம்ப முடியாத சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "தெரியுதாம்மா?"

அவள் நின்றாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை, படத்தோடு சேர்த்து உடம்பையே அவன் பக்கம் திருப்பினாள். அவளுடைய இரண்டு விழிகளும் அவன் தலைக்கு மேலே எங்கோ வெறித்தன, ஒரு காக்கைகூட இல்லாத வெற்று வானத்தில்.

கருணாகரனின் கண்கள் மட்டும் அவனைப் பார்த்தன. மேலிருந்து கீழே, மெதுவாக.

"வலது கையில ரத்தம் வருது பாரு நைனா" என்றாள் கெங்கம்மா. "பொட்டித் தகடு கிய்ச்சிடுச்சி போல. போய் மஞ்சா வெய்யி."

பகலவன் கையைத் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை ரத்தம் வழிந்திருந்தது. அவனுக்கே அதுவரை தெரியாது.